தவிட்டு மூட்டையின் எடை

எங்கள் அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் புதுசு. வேலைக்கு வந்து நாலாவது வருடம் ஓடிக்கொண்டிருந்தபோதும் புதுசுதான். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை அவளுடைய ஒப்பந்தம் முடியும். ஒருநாள் வீட்டில் இருப்பாள். மறுநாள் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அதே நாற்காலியில் வந்து உட்காருவாள். காகிதத்தைப் பார்த்தால் அவள் எப்போதும் நேற்று சேர்ந்தவள். இந்த வேடிக்கையைக் கண்டுபிடித்தவர் யாராக இருந்தாலும் என் கையில் ஒருநாள் கிடைக்காமலா போவார்?

நாட்டுக்குள் என்னென்ன சாமான் வருகிறது என்று எண்ணுவது எங்கள் பிழைப்பு. ஒவ்வொருவர் தலையிலும் சில சரக்குகளைக் கட்டியிருப்பார்கள். ஒருவருக்கு இரும்பு, ஒருவருக்குக் கண்ணாடி, ஒருவருக்கு வாசனைத் திரவியம். எனக்குக் கிடைத்தது ‘தவிடு, உமி மற்றும் பிற தானியக் கழிவுகள்’. பதினோரு வருடம் அந்தத் தலைப்பைத் தட்டினேன். தவிட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. மாடு தின்னும் என்று தெரியும், அவ்வளவுதான். எனக்கு முட்டையும் கோழியும் கொடுத்துவிட்டுத் தவிட்டைப் புதுசிடம் தள்ளியபோது, தொல்லை விட்டது என்றுதான் நினைத்தேன். நான் முன்கோபி என்று அலுவலகமே சொல்லும். முன்கோபியிடமிருந்து வேலை வாங்கிக்கொள்கிறவள் பாவம் என்று எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவளோ தலைப்பைப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

“என்னத்துக்குச் சிரிப்பு?” என்றேன்.

“ஆறு வருஷம் தவிட்டுலதான் மேடம் இருந்தேன். மறுபடியும் என்னைத் தேடி வந்துடுச்சு.”

அப்போதுதான் அவள் கதை எனக்குத் தெரிந்தது. சின்ன வயதிலேயே அப்பா அம்மா இரண்டு பேரும் போய்விட்டார்கள். பத்து வயது மூத்த அக்கா ஒரு மாவு மில்லில் வேலைக்குச் சேர்ந்து இவளை வளர்த்தாள். பள்ளிக்கூடம் முடிந்ததும் இவளும் அதே மில்லுக்குப் போனாள். மாவு ஒரு பக்கம் போகும், தவிடு இன்னொரு பக்கம் குழாய் வழியாகக் கொட்டும். தவிட்டுக் கொட்டகையில் பதினாலு பெண்கள். மூட்டையின் வாயைப் பிடிப்பது, நிரம்பியதும் மடிப்பது, கை மெஷினால் தைப்பது, நூலைக் கத்தரிப்பது, தள்ளிவிடுவது. சாயங்காலம் இரண்டு பேரும் புருவமெல்லாம் பழுப்பாக வீட்டுக்கு வருவார்களாம். அக்காதான் விடாப்பிடியாக இவளைத் தபாலில் படிக்கவைத்து, கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்த்து, எங்கள் அலுவலகத்துத் தேர்வுக்கும் இழுத்துக்கொண்டு வந்தவள். தேர்வு நடந்த மூன்று மணி நேரமும் வாசலில் நின்றிருந்தாளாம். இப்போதும் இரண்டு பேரும் ஒரு டயர் கடையின் மாடியில் இரண்டு அறையில் ஒன்றாகத்தான் இருந்தார்கள்.

தவிடு அவளிடம் வந்த மூன்றாம் மாதம், ஒரு வியாழக்கிழமை, சிவந்த கண்ணோடு வந்தாள். நான் கேட்கவில்லை. கேட்கவைத்தால் எனக்குக் கோபம் வரும் என்று தெரிந்து அவளே சொன்னாள்.

“அக்காவோட கொட்டகையை மூடுறாங்க மேடம். முப்பதாம் தேதியோட சரி. பதினாலு பேரும் வெளியே.”

“ஏனாம்?”

“தவிட்டுக்கு இனிமே மவுசு இல்லையாம். வெளிநாட்டுத் தவிடே பாதிக்குப் பக்கமா வரத்து குறைஞ்சு போச்சாம், வாங்க ஆளில்லாமத்தான் குறையுதுன்னு முதலாளி சொல்றார். தவிட்டை அழுத்திக் குச்சியாக்குற மெஷின் ஒண்ணு வாங்குறதா இருந்தார். அதையும் வேண்டாம்னுட்டார். இனிமே மூட்டையும் வேண்டாம், தையலும் வேண்டாம், மொத்தமா ஒரு வியாபாரிகிட்ட லாரியில கொட்டிடப் போறார்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அவர் மேஜை மேல நம்ம அறிக்கைதான் இருந்துச்சாம்.”

எனக்குச் சுருக்கென்றது. அந்த அறிக்கை எனக்கு மனப்பாடம். எங்கள் பிரிவின் தலைவர் எழுதியது. எந்த எண்ணையும் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் இல்லாமல் அவர் பார்க்கமாட்டார். அதனால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் தசமப்புள்ளி. தவிட்டு இறக்குமதி ஒரு வருடம் தொண்ணூறாயிரம் டன் இருந்தது, மறு வருடம் ஐம்பத்தையாயிரத்துக்கு விழுந்தது. தசமப்புள்ளி அதைப் பார்த்து அசந்துபோய் எட்டுப் பக்கத்துக்கு விளக்கம் எழுதினார். மாடு வளர்ப்பவர்கள் ஆயத்தத் தீவனத்துக்கு மாறிவிட்டார்கள், தவிட்டின் காலம் முடிகிறது, இது புதிய போக்கு. ஒரு மாநாட்டில் அதைப் படித்துக் கைதட்டலும் வாங்கினார். வரைபடத்தில் கோடு மலையிலிருந்து உருட்டிவிட்டதுபோல் விழுந்திருந்தது. அந்தக் கோட்டுக்கான எண்களைக் கொடுத்தவள் நான்.

அன்று மதியம் புதுசு சாப்பிடப் போகவில்லை. அலமாரியிலிருந்து என் பழைய தாள்களை இறக்கி வைத்துக்கொண்டு புரட்டினாள். பிறகு ஒரு தாளை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள்.

“மேடம், மூணு வருஷத்துக்கு முந்தின இந்தத் தாள்ல பதினெட்டு லட்சம் மூட்டைன்னு இருக்கு. பக்கத்துல தொண்ணூறாயிரம் டன்னுன்னு எழுதியிருக்கீங்க.”

“ஆமா. அம்பதால பெருக்கினேன். அப்பல்லாம் எல்லைச் சாவடியில எடைமேடை கிடையாது. மூட்டையை எண்ணித்தான் அனுப்புவாங்க. ரெண்டு வருஷமாத்தான் லாரியை எடை போடுறாங்க.”

“அம்பதுன்னு யார் சொன்னாங்க?”

“மூட்டை மேலயே நிகர எடை அம்பது கிலோன்னு அச்சடிச்சிருக்காம். சாவடிக்காரர் போன்ல சொன்னார்.”

அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஏளனம் துளியும் இல்லை. இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், சுலபமாக இருந்திருக்கும்.

“மேடம், தவிட்டுக்குன்னு யாரும் புது மூட்டை வாங்க மாட்டாங்க. மாவு வந்த பழைய மூட்டையிலதான் கட்டுவாங்க. அந்த அம்பது மாவோட எடை. அதே மூட்டையில தவிடு எவ்வளவு அழுத்தினாலும் முப்பதுக்கு மேல போகாது. மாவு மூட்டையை முதுகுல ஏத்தினா நடக்கிறவன் வாயே திறக்க மாட்டான். தவிட்டு மூட்டைன்னா ஊர்க்கதை பேசிக்கிட்டே போவான்.”

எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. இருபத்தாறு வருடம் இந்த அலுவலகத்தில் பெருக்கினவள் நான், நேற்று வந்தவள் எனக்கு எடை சொல்லித் தருகிறாளா என்று கத்திவிட்டேன். கண்ணாடிக்காரர், இரும்புக்காரர் எல்லாரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். அவள் தாளை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். நான் ஒரு மணி நேரம் அதைத் தொடவில்லை. பிறகு தொட்டேன். பதினெட்டு லட்சத்தை முப்பதால் பெருக்கினேன். ஐம்பத்து நாலாயிரம் டன். அதற்கு முந்தைய வருடம் பதினேழு லட்சம் மூட்டை, ஐம்பத்தோராயிரம். எடைமேடை வந்த பிறகு ஐம்பத்தையாயிரம், அப்புறம் ஐம்பத்தெட்டாயிரம். கோடு விழவே இல்லை. மெதுவாக, ஒழுங்காக, ஏறிக்கொண்டே இருந்தது. விழுந்தது நான் போட்ட பெருக்கல். அதை நம்பி ஒரு மனுஷர் கொட்டகையைப் பூட்டப் போகிறார்.

எழுந்து அவள் மேஜைக்குப் போய், “வா, சார்கிட்ட போகலாம்” என்றேன். மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை. எனக்கு அது சீக்கிரம் வராது.

தசமப்புள்ளி பொறுமையாகக் கேட்டார். பேனாவை மூடித் திறந்தார். எட்டுப் பக்கக் கட்டுரை அவர் பின்னால் சட்டம் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது.

“உங்க வீட்டுல யாராவது மில்லுல வேலை பாக்குறாங்களா?” என்று திடீரென்று கேட்டார்.

யாரோ ஏற்கெனவே ஓதியிருக்க வேண்டும். எனக்குப் பகீரென்றது. இல்லை என்று சொல்லிவிட மாட்டாளா என்றுகூட ஒரு நொடி ஆசைப்பட்டேன்.

“ஆமா சார். எங்க அக்கா. முப்பதாம் தேதியோட அவங்க கொட்டகையை மூடுறாங்க.”

“அப்போ நீங்க அக்காவுக்காக எண்ணை மாத்தச் சொல்றீங்கன்னு நாளைக்கு யாராவது சொன்னா?”

“சொல்லட்டும் சார். அக்கா மூட்டை தைக்கிறதாலதான் எனக்கு எடை தெரியும். வேற யாரு அக்கா தைச்சிருந்தாலும் எடை அதேதான்.”

அவர் பேனாவை மேஜையில் வைத்தார். பிறகு, “ஒரு மூட்டையை எடை போட்டு நாட்டோட கணக்கை மாத்த முடியாதும்மா. முப்பது மூட்டையாவது வேணும். உங்க அக்கா மில்லு மூட்டை கூடாது. எல்லையில வர்ற மூட்டை வேணும். எடை போடும்போது நீங்க தராசைத் தொடக் கூடாது. இவங்க தொடட்டும்” என்று என்னைக் காட்டினார். “இன்னொண்ணு. அறிக்கை வெளியாகுற வரைக்கும் ஒரு எண்ணும் வெளியே போகக் கூடாது. உங்க அக்காவுக்கும்தான். விஷயம் கசிஞ்சா இந்தத் திருத்தத்தை நானே கிழிச்சுப் போட்டுடுவேன். உங்க ஒப்பந்தமும் இந்த மாசம்தான் முடியுது, ஞாபகம் இருக்குல்ல?”

மிரட்டலாக அல்ல, கசிந்தால் ஒப்பந்தத்தை மேலே புதுப்பிக்க விடமாட்டார்கள் என்ற எச்சரிக்கையாகத்தான் சொன்னார் என்று பின்னால் எனக்குப் புரிந்தது. ஆனால் அப்போது அவள் முகம் சுண்டிப்போனது. “சரி சார்” என்றாள்.

அடுத்த அறிக்கைக்கு அன்றிலிருந்து பன்னிரண்டு நாள் இருந்தது. அது வெளியாவது இருபத்தி நாலாம் தேதி.

சனிக்கிழமை விடியற்காலை பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேரும் எல்லைச் சாவடிக்குப் போனோம். நாலு மணி நேரம். லாரிகள் வரிசையாக நின்றன. முன்பே பேசி வைத்திருந்ததால் சாவடிக்காரர் ஒரு மேடைத் தராசை வெளியே இழுத்துப் போட்டிருந்தார். ஐந்து லாரியிலிருந்து ஆறு ஆறு மூட்டை, நான் கையைக் காட்டிய மூட்டை. சுமை தூக்குகிறவர்கள் எங்களைப் பார்த்து நமுட்டுச் சிரிப்புச் சிரித்தார்கள். ஒருவர், “எதுக்கும்மா இது? தவிட்டு மூட்டை முப்பதுன்னு எங்களைக் கேட்டா சொல்ல மாட்டோமா?” என்றார்.

“கேக்கலையே” என்றேன். வேறென்ன சொல்ல?

புதுசு பத்தடி தள்ளி ஒரு கல்லின்மேல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல் மூட்டை இருபத்தொன்பதரை. இரண்டாவது முப்பத்தொன்று. பத்தாவது மூட்டையின் மேல் ‘நிகர எடை 50 கிலோ’ என்று சிவப்பு எழுத்தில் அச்சு, பக்கத்தில் மாவு கம்பெனியின் படம், உள்ளே தவிடு. நான் தையல் விட்டிருந்த ஓரத்தில் அந்த மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தேன். பதினோரு வருடம் எழுதிய சரக்கை முதல்முறையாகத் தொட்டேன். லேசாக, உலர்ந்து, விரலுக்கு நடுவே நழுவியது. இதையா ஐம்பது ஐம்பதாக ஏற்றினேன் என்று என்மேலேயே எரிச்சல் வந்தது. திரும்பி அவளைப் பார்த்து, “அன்னிக்குக் கத்தினது தப்பு” என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன், சுமைக்காரர்கள் காதிலும் விழுந்திருக்கும்.

“விடுங்க மேடம். இன்னும் இருபது மூட்டை இருக்கு” என்றாள்.

முப்பது மூட்டைக்கும் சராசரி எடுத்தோம். தசமப்புள்ளி தானே இரண்டு முறை கூட்டிப் பார்த்து, முப்பது புள்ளி ஒன்று நான்கு என்று எழுதி அடிக்கோடு போட்டார். அவருக்கு அதற்கு மேல் அத்தாட்சி தேவையில்லை. சட்டம் போட்ட கட்டுரையைச் சுவரிலிருந்து அவரே கழற்றி அலமாரிக்குப் பின்னால் வைத்ததை நான் கண்ணால் பார்த்தேன். மனுஷரைப் பற்றி அதுவரை நான் பேசியதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

மிச்ச நாட்கள் அவளுக்குச் சுலபமாகப் போகவில்லை. பகலில் எங்களோடு ஒன்பது வருடத்து எண்களைத் திருத்துவாள். மாலையில் வீட்டுக்குப் போனால் அக்கா வேலை தேடும் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருப்பாள். ஒருநாள் துணிக்கடையில் கேட்டாளாம், நாற்பது வயசுக்காரியை நிற்கவைக்க மாட்டோம் என்றார்களாம். இன்னொரு நாள் கொட்டகைப் பெண்கள் நாலு பேர் வீட்டுக்கு வந்து அழுதார்களாம். இவள் சமையலறையில் நின்று பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாளாம், ஏற்கெனவே தேய்த்ததை.

“உனக்கு என்னடி, ஆபீஸ் வேலை. எங்க கஷ்டம் உனக்கு எங்க புரியப் போகுதுன்னு அக்கா கேட்டுட்டா மேடம்” என்று ஒருநாள் சொன்னாள். “நான் சோத்தை அள்ளி வாயில போட்டுக்கிட்டேன். வாயைத் திறந்தா சொல்லிடுவேன்.”

“சொல்லித் தொலைச்சிருக்கலாமே. அக்காதானே.”

“அக்கா மனசுல எதுவும் தங்காது மேடம். மறுநாள் கொட்டகை முழுக்கத் தெரிஞ்சிடும். மில்லு பூரா தெரிஞ்சிடும். அப்புறம் அக்காவுக்காகத்தான் மாத்தினாங்கன்னு ஆகிடும். எண்ணு செத்துப் போயிடும்.”

இருபத்தி நாலாம் தேதி காலை பத்து மணிக்கு அறிக்கை வெளியானது. முதல் பக்கத்திலேயே திருத்தம், தசமப்புள்ளியின் கையெழுத்தோடு. மாவு மூட்டையின் எடையைத் தவிட்டுக்கும் கணக்கிட்டது இந்தப் பிரிவின் பிழை, தவிட்டு இறக்குமதி குறையவில்லை, ஒவ்வொரு வருடமும் சிறிது சிறிதாகக் கூடியே வருகிறது, முந்தைய கட்டுரையின் முடிவுகள் திரும்பப் பெறப்படுகின்றன. பிழைக்கு என் பெயரையும் அவர் போடவில்லை, திருத்தத்துக்கு அவள் பெயரையும் போடவில்லை. அப்படித்தான் எங்கள் வழக்கம். எல்லா மில்லுக்கும் பிரதி போனது.

அன்று ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் அவள் எழுத்தெல்லாம் தப்பும் தவறுமாக அடித்தாள். அறிக்கை வந்ததும் உலகம் புரண்டுவிடும் என்று நாங்கள் இரண்டு பேரும் எதிர்பார்த்தது எவ்வளவு அசட்டுத்தனம்! மில்காரர் அதைப் பிரித்தாரோ, டீ டம்ளருக்கு அடியில் வைத்தாரோ, யார் கண்டது? முப்பதாம் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. என்னால் பொறுக்க முடியவில்லை, மில்லுக்குப் போன் போட்டு நானே கேட்கிறேன் என்று எழுந்தேன். அவள் என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

நாலாம் நாள், பதினோரு மணி இருக்கும், அவளுடைய போன் அடித்தது. அக்கா வேலை நேரத்தில் கூப்பிடுகிறவள் இல்லை. அவசரத்தில் அவள் ஏதோ பொத்தானை அமுக்கிவிட, அக்காவின் குரல் எங்கள் அறை முழுக்கக் கேட்டது.

“ஏய், உனக்குத் தெரிஞ்சவங்க யாராவது வேலை இல்லாம இருக்காங்களாடி? சீக்கிரம் சொல்லு. நாலு பேர் வேணுமாம்.”

“எங்கக்கா?”

“எங்க கொட்டகைக்குத்தான். முதலாளி இன்னிக்குக் காலையில அவரே வந்தார். ஒரு மூட்டையைத் தராசுல போடச் சொன்னார். முப்பது காட்டிச்சு. நின்னுக்கிட்டே சிரிக்கிறார். இது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும், அந்த ஆபீஸ்ல எவனுக்கும் தெரியலையேன்னார். குச்சி மெஷினுக்கு ஆர்டர் போட்டாச்சு. அது வர்ற வரைக்கும் மூட்டை கட்டியாகணுமாம்.”

“முப்பதாம் தேதி மூடுறது?”

“மூடுறதாவது! அன்னிக்கு ரெண்டு லாரி லோடு இருக்கு. நான் வர நேரமாகும், நீயே சமைச்சு வெச்சிடு.” பின்னால் மெஷின் ஓடுகிற சத்தத்தில் அக்கா கத்தித்தான் பேசினாள். “உங்க ஆபீஸ்ல எவனோ ஒரு புண்ணியவான் கணக்கைத் தோண்டி எடுத்திருக்கான்டி. யாருன்னு கேட்டு வை. எங்க பதினாலு பேரும் அவனைக் கும்பிடணும்னு பேசிக்கிட்டிருக்கோம்.”

புதுசு உதட்டைக் கடித்துக்கொண்டு, “சரிக்கா, கேக்கறேன்” என்றாள். எனக்கு வந்ததே கோபம்! போனைப் பிடுங்கிக்கொண்டேன்.

“அம்மா, நான் இவ கூட வேலை பாக்குறவ. தப்பாப் பெருக்கினது நான். தோண்டி எடுத்தது உங்க தங்கச்சி. பன்னிரண்டு நாள் வெளியே சொல்லக் கூடாதுன்னு உத்தரவு, அப்புறம் மில்லு மனசு மாறுமோ மாறாதோன்னு பயம், அதனாலதான் உங்ககிட்டயும் சொல்லல.”

அந்தப் பக்கம் மெஷின் சத்தம் மட்டும் வந்தது. ஒரு மூட்டை தைத்து முடித்து, அடுத்த மூட்டையும் ஆரம்பித்துவிட்டார்கள்.

“என் பக்கத்துலதானே படுத்திருந்தா” என்றாள் கடைசியில். குரல் உடைந்திருந்தது. “நான் என்னென்னவோ பேசினேனே. ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லலையே, கழுதை. போனை அவகிட்ட குடும்மா.”

கொடுத்தேன். காதில் வைத்துக்கொண்டு அழுதாள், அக்காவும் அழுதிருப்பாள். கண்ணாடிக்காரரும் இரும்புக்காரரும் எட்டிப் பார்த்தார்கள். உங்களுக்கு வேலை இல்லையா என்று நான் போட்ட சத்தத்தில் திரும்பி உட்கார்ந்தார்கள். எனக்கும் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. இருபத்தாறு வருடத்தில் நான் தட்டிய ஒரு எண் யாருடைய வீட்டுக்குப் போய்ச் சேருகிறது என்று அன்றைக்குத்தான் காதால் கேட்டேன்.